கடை வலைத்தளத்தில் கூகுள் வரைபடம்: மாறிவிட்ட கட்டணமும் நீங்கள் செய்ய வேண்டியவையும்

உங்கள் கடையின் வலைத்தளத்தில் ‘தொடர்புக்கு’ பக்கத்தைத் திறக்கிறீர்கள். வரைபடம் இருந்த இடம் கறுத்து மங்கிக் கிடக்கிறது. அதன் மேல் ‘சோதனைக்கு மட்டும்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் வரிசை வரிசையாக ஓடுகிறது. அல்லது வரைபடம் நன்றாகவே தெரிகிறது, ஆனால் கிரெடிட் கார்டிலிருந்து ஒரு தொகை கழிந்திருக்கிறது. இரண்டில் எது நடந்திருந்தாலும் தொடர்ந்து படியுங்கள். இன்னும் எதுவும் நடக்கவில்லை என்றால் கட்டாயம் படியுங்கள்.

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை இருக்கிறது, கிளைகளும் உண்டு. வலைத்தளத்தைச் செய்து கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். வரைபடத்துக்கான கணக்கு அவர் பெயரில் இருந்தது. அதை மீட்டு, புதிய கட்டண முறையைப் புரிந்துகொண்டு, எல்லாவற்றையும் கடையின் பெயருக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெரிய தொல்லை என்னவென்றால், இணையத்தில் கிடைத்த வழிகாட்டிகளில் பல இன்னமும் ‘மாதம் 200 டாலர் இலவசம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சலுகை 2025 மார்ச் 1 அன்று முடிந்துவிட்டது. அந்தப் பழைய கணக்கீட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை வரைபடம்?

பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கும் முன் இதைப் பாருங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் கட்டணம் ஒன்றுபோல் இல்லை.

கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, பக்கத்தின் மூல நிரலைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துக் குவியலைப் பார்த்து மிரள வேண்டாம். ‘மேப்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் போதும். கீழே உள்ளவற்றில் ஒன்று அகப்படும்.

ஐஃபிரேம் என்ற சட்டத்துக்குள் கூகுள் மேப்ஸ் முகவரியும் அதில் ‘எம்பெட்’ என்ற சொல்லும் இருந்தால், அது பதிக்கப்பட்ட வரைபடம். கூகுள் மேப்ஸில் கடையைத் தேடி, ‘பகிர்’ பொத்தானை அழுத்தி எடுத்து ஒட்டிய துண்டு அது. இதற்குக் கணக்கும் வேண்டாம், கட்டணமும் இல்லை. எம்பெட் ஏபிஐ என்று இதற்கு ஓர் அண்ணன் உண்டு (ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொருவரின் சேவையைக் கேட்டு வாங்கும் வழி). அதற்கு ஏபிஐ கீ, அதாவது கேட்பது யார் என்று கூகுளுக்குக் காட்டும் அடையாளக் கோவை, வேண்டும், ஆனால் எத்தனை முறை திறந்தாலும் இலவசம்தான்.

‘ஸ்டாட்டிக்மேப்’ என்று இருந்தால் அது வெறும் படம். நகர்த்த முடியாது, பெரிதாக்க முடியாது. இதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் குறைவு.

‘ஏபிஐ’, ‘ஜேஎஸ்’, ‘கீ’ மூன்றும் ஒரே முகவரியில் வந்தால் அது டைனமிக் வரைபடம், அதாவது தளத்தின் நிரல் கூகுளிடம் கேட்டு உருவாக்கும் வரைபடம். பில் வருவது பெரும்பாலும் இதனால்தான். ‘கீ’ என்பதற்குப் பக்கத்தில் ஏ, ஐ, இசட், ஏ என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும் நீண்ட கோவை இருக்கும். அதுதான் உங்கள் ஏபிஐ கீ. பக்கத்தைத் திறக்கும் எவர் கண்ணிலும் அது படும் என்பதை மனத்தில் வையுங்கள். ஐந்தாம் படியில் அது தேவைப்படும்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த தளம் என்றால் கூடுதல் எச்சரிக்கை. பிளகினில் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒரு கீ, தீமில் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரல்) வேறொரு கீ என்று இரண்டு இடங்களில் இருப்பது சாதாரணம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இப்போதைய கட்டணம்

முன்பு எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக ஒரே 200 டாலர் இருந்தது. இப்போது ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக மாத இலவச எண்ணிக்கை. சேவைகளை எசென்ஷியல்ஸ், புரோ, எண்டர்பிரைஸ் என மூன்று தட்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். உலகப் பொதுப் பட்டியலில் இலவச அளவு முறையே 10,000, 5,000, 1,000. இந்தியாவில் பில்லிங் முகவரி வைத்து, இந்தியப் பயனர்களுக்காகத் தளம் நடத்துவோருக்கான பட்டியலில் அது 70,000, 35,000, 7,000.

டைனமிக் வரைபடம் எசென்ஷியல்ஸ் தட்டில் வருகிறது. இலவச அளவைத் தாண்டினால் ஆயிரம் ஏற்றத்துக்கு உலகப் பட்டியலில் 7 டாலர், இந்தியப் பட்டியலில் 2.10 டாலர். முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றித் தரும் ஜியோகோடிங்குக்கு ஆயிரத்துக்கு முறையே 5 டாலர், 1.50 டாலர். இந்த இந்திய விலைக் குறைப்பு 2024 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பட்டியல் டாலரில் இருந்தாலும் பில் ரூபாயில் வரும்.

ஓர் ஏற்றம் என்பது பக்கத்தில் வரைபடம் ஒருமுறை உருவாவது. வாடிக்கையாளர் அதை இழுத்தாலும் பெரிதாக்கினாலும் கூடுதல் கணக்கு இல்லை. பக்கத்தை மீண்டும் திறந்தால் இன்னோர் ஏற்றம்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடாவிலிருந்து படிப்பவர்களுக்குப் பொருந்துவது உலகப் பட்டியல். பழைய 200 டாலரில் ஏறத்தாழ 28,500 டைனமிக் ஏற்றங்கள் இலவசமாக ஓடின. இப்போது 10,000தான். மாதம் 25,000 ஏற்றம் உள்ள தளம் அன்று ஒரு காசும் கட்டவில்லை. இன்று மீதி 15,000க்கு 105 டாலர் கட்ட வேண்டும். எதையும் மாற்றாமலே பில் வரத் தொடங்கியதன் காரணம் இதுதான்.

இன்னொரு நுணுக்கம், பலர் கவனிக்காதது: இந்த இலவச அளவு பில்லிங் கணக்குக்கு (கூகுள் பணம் கழிக்கும் கணக்கு) உரியது, தளத்துக்கு உரியது அல்ல. வலைத்தளம் செய்பவர் தம் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே பில்லிங் கணக்கில் வைத்திருந்தால், அந்த 70,000ஐ அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்கிறீர்கள். உங்கள் தளத்துக்கு ஆளே வராத மாதத்திலும் பக்கத்துக் கடையின் தீபாவளித் தள்ளுபடியால் வரும் பில்லில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். இதற்கு மாற்றாக ஒரே தளத்தைப் பல கணக்குகளில் பிரித்துப்போட்டு இலவசத்தைப் பெருக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது விதிமீறல். கணக்கே முடங்கும்.

3. முதலில் தேவையைக் குறையுங்கள்

இதை ஒழுங்காகச் செய்தால் கீழேயுள்ள படிகளில் பல உங்களுக்குத் தேவையே படாது.

ஒரே கடை என்றால் பதிக்கப்பட்ட இலவச வரைபடமே போதும். அதன் கீழே ‘வழி காட்டு’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். கூகுள் மேப்ஸுக்குச் செல்லும் சாதாரண இணைப்புதான் அது. கீ வேண்டாம், கட்டணம் இல்லை. கைபேசியில் தட்டியதும் மேப்ஸ் செயலி திறந்து, நிற்கும் இடத்திலிருந்து கடைக்கு வழி சொல்லிவிடும். கடைக்கு வருகிற மனிதருக்குத் தேவை அதுதான். பளபளப்பான வண்ணத்தில் உங்கள் வரைபடம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, வலைத்தளம் செய்பவரைத் தவிர.

கிளைகள் பல இருந்து, ‘அருகிலுள்ள கிளை’ என்று தேட வைக்கிறீர்கள் என்றால் டைனமிக் தேவைப்படலாம். அப்போதும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, அடிக்குறிப்பு வரைபடம். பல தளங்களில் எல்லாப் பக்கங்களின் அடியிலும் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கும். நாளுக்கு 1,000 பேர் வந்து ஆளுக்கு 4 பக்கம் பார்த்தால் 30 நாளில் 1,20,000 ஏற்றம். யாரும் கீழே வரை உருட்டிப் பார்க்காவிட்டாலும் இது ஓடும். இந்தியப் பட்டியலில் 70,000 போக மீதி 50,000க்கு 105 டாலர். உலகப் பட்டியலில் 740 டாலரைத் தாண்டும். வரைபடத்தைத் ‘தொடர்புக்கு’ பக்கத்துக்கு மட்டும் நகர்த்தினால் இது பெரும்பாலும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அங்கேயும் ‘வரைபடத்தைக் காட்டு’ என்ற பொத்தானை அழுத்திய பிறகே ஏறும்படி செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தேவையில்லாத ஜியோகோடிங். சில தளங்களில் ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் கடையின் முகவரியை அனுப்பி ‘இது எங்கே இருக்கிறது?’ என்று கூகுளைக் கேட்கும்படி எழுதியிருப்பார்கள். உங்கள் கடை நகர்வதில்லை. கடை வாசலில் நின்று கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து வந்து நிரலில் நிரந்தரமாக எழுதிவிடச் சொல்லுங்கள். ஒரு செலவு அடியோடு போயிற்று. ஜியோகோடிங்கில் கிடைத்த எண்களையே சேமித்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அவற்றை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க விதி இடம் தராது.

மூன்றாவது, பிளேசஸ் சேவை. கடையின் நட்சத்திர மதிப்பீடு, தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியவற்றைக் கூகுளிடமிருந்து இழுத்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. முகவரியும் இருப்பிடமும் மட்டும் கேட்டால் எசென்ஷியல்ஸ். பெயரையும் சேர்த்தால் புரோ. மதிப்பீட்டையோ திறக்கும் நேரத்தையோ கேட்ட உடனே முழு வினவலும் எண்டர்பிரைஸ் தட்டுக்கு ஏறிவிடும், இலவச அளவு பத்தில் ஒரு பங்காகிவிடும். கேட்பவற்றில் எது உயர்ந்த தட்டோ அந்தக் கட்டணமே முழுவதற்கும். சோம்பலில் ‘எல்லாவற்றையும் கொடு’ என்று நட்சத்திரக் குறி போட்டு எழுதிய நிரல்கள் நிறைய உலவுகின்றன. சொந்தக் கடை திறக்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ளக் கூகுளுக்குப் பணம் கட்டுவது எனக்கு இன்னமும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்குப் பொருள் அனுப்புபவர்கள், முகவரி தட்டும்போதே பரிந்துரை காட்டும் ஆட்டோகம்ப்ளீட் வசதியை வைத்திருப்பீர்கள். அதில் ஒரு தேடலின் எழுத்துகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ‘செஷன் டோக்கன்’ பயன்படுத்தப்படுகிறதா என்று நிரலாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வினவல் கணக்காகலாம்.

4. கணக்கைக் கடையின் பெயரில் திறங்கள்

டைனமிக் வரைபடம் கட்டாயம் தேவை என்று முடிவானால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். உட்காரும் முன் இவற்றை மேசையில் எடுத்து வையுங்கள்:

கடைக்கென்று ஒரு மின்னஞ்சல். ஊழியருடையதும் வேண்டாம், வலைத்தளம் செய்பவருடையதும் வேண்டாம். அதை மீட்பதற்கான கைபேசி எண் உரிமையாளருடையதாக இருக்கட்டும்.

ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ். பெயரும் முகவரியும் அதில் உள்ளபடியே, புள்ளி உட்பட, இருக்க வேண்டும்.

உரிமையாளர் அல்லது நிறுவனத்தின் பான் அட்டை. சரிபார்ப்புக்காக அடையாள ஆவணம் கேட்கப்பட்டால் ஓடித் தேட வேண்டியிராது.

தானாகக் கழியும் கட்டணத்துக்கு அனுமதி உள்ள கார்டு. கையில் வைத்திருக்கிற எல்லா டெபிட் கார்டும் இதற்கு உதவாது. வங்கியிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி, இந்தச் சேவைகளை நிர்வகிக்கும் பக்கமான கூகுள் கிளவுட் கன்சோலில் அந்த மின்னஞ்சலால் நுழைந்து ஒரு புராஜெக்ட் (தளத்தின் சேவைகளையும் கீகளையும் வைக்கும் தொகுப்பு) உருவாக்குங்கள். பெயரில் கடையும் ஆண்டும் இருந்தால் பின்னால் அடையாளம் காண எளிது. பிறகு பில்லிங் கணக்கு. இங்கேதான் நிதானம் வேண்டும். நாடு, நாணயம், தனிநபரா நிறுவனமா என்ற வகை: இந்த மூன்றையும் சேமித்த பிறகு மாற்ற முடியாது. தவறினால் புதிதாக இன்னொரு பேமெண்ட்ஸ் சுயவிவரம் தொடங்க வேண்டியதுதான். வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ மருமகனோ ‘நான் என் கார்டில் போட்டுவிடுகிறேன்’ என்று அன்போடு சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவர் நாட்டு முகவரியில் கணக்குத் திறந்தால் இந்தியப் பட்டியலின் விலை கிடைக்காது.

ஜிஎஸ்டி எண்ணை முதல் நாளே சேருங்கள். கூகுளின் இந்திய நிறுவனம் தரும் பில்லில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி இருக்கும். எண் இருந்தால்தான் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் தணிக்கையாளர் ஆண்டு இறுதியில் கேட்கும்போது பழைய பில்களைத் திருத்தித் தரச் சொல்லி அலைவதைவிட இது சுலபம்.

கார்டு பற்றி இன்னொன்று. 2021 அக்டோபர் 1 முதல் தானாகக் கழியும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் தனி விதி இருக்கிறது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்பும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கொடுத்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிட்டால் கட்டணம் தோற்கும். தொடர்ந்து தோற்றால் பில்லிங் நிறுத்தப்படும், வரைபடம் மறுபடியும் கறுத்துவிடும். ஆகவே கார்டோடு இணைந்த கைபேசி யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

கணக்குத் தொடங்கும்போது புதிய வாடிக்கையாளருக்கு 300 டாலர், 90 நாள் சோதனைச் சலுகை காட்டப்படும். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அது முடிவதற்குள் கணக்கை முழுக் கணக்காக உயர்த்தாவிட்டால் சேவை நின்றுவிடும்.

5. கீயைப் பூட்டுங்கள்

புராஜெக்டில் தேவையான சேவையை மட்டும் இயக்குங்கள். டைனமிக் வரைபடத்துக்கு ‘மேப்ஸ் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐ’ ஒன்றே போதும். தொடக்கத்தில் எல்லாவற்றையும் இயக்கிவிடும் ஒரு பொத்தான் கண்ணில் படும். அதை விட்டு விலகுங்கள்.

பிறகு ஏபிஐ கீ உருவாக்கி, உடனே இரண்டு பூட்டுகள் போடுங்கள். ஒன்று, எந்த வலைத்தளத்திலிருந்து வந்தால் ஏற்க வேண்டும் என்பது. இன்னொன்று, அந்தக் கீ எந்தச் சேவைகளுக்குச் செல்லும் என்பது. முன்பே சொன்னபடி கீ எல்லோர் கண்ணிலும் படுகிறது. பூட்டு இல்லையென்றால் யாரோ அதை எடுத்துத் தம் செயலியில் போட்டு ஓட்டுவார்கள், பில் உங்களுக்கு வரும்.

வலைத்தளப் பூட்டில் வழக்கமாகத் தவறுவது எங்கே என்றால், மூன்று டபிள்யூ உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டையும் சேர்க்காமல் விடுவதில். பாதிப் பேருக்கு வரைபடம் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது, நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு பக்கத்தின் முழு முகவரியையும் கொடுப்பது. உலாவிகள் பல நேரங்களில் தளத்தின் பெயரை மட்டுமே அனுப்புகின்றன, பக்கத்தின் பெயரை அனுப்புவதில்லை. ஆகவே தளத்தின் பெயரோடு நிறுத்துங்கள்.

சர்வரிலிருந்து (தளம் இயங்கும் கணினி) ஜியோகோடிங் போன்றவற்றை அழைக்கும் நிரல் இருந்தால் அதற்கு வேறு கீ வேண்டும். அதன் பூட்டு ஐபி முகவரியால், அதாவது அந்தச் சர்வரின் இணைய எண்ணால், போட வேண்டியது. ஒரே கீயில் இரண்டையும் ஓட்டப் பார்த்தால் ஏதாவது ஒரு பக்கம் பூட்டைத் திறந்து வைக்க வேண்டிவரும்.

மாற்றம் நடப்புக்கு வர ஐந்து நிமிடம் வரை ஆகலாம். சேமித்த கையோடு சோதித்துப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

6. பட்ஜெட் அலர்ட் காப்பாற்றாது, கோட்டாவே காப்பாற்றும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பில்லிங் பகுதியில் பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறது. 1,000 ரூபாய் என்று போட்டுவிட்டு ‘இதற்கு மேல் போகாது’ என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் நிறைய. பட்ஜெட் எதையும் நிறுத்தாது. தொகை எட்டியதும் ஒரு மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் அடிக்கும் அலாரம் அது. தண்ணீரை நிறுத்துவது மிதவை வால்வு. இங்கே அந்த வால்வின் பெயர் கோட்டா.

கன்சோலில் மேப்ஸ் பகுதிக்குள் கோட்டா பக்கம் இருக்கிறது. சேவையைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை ஏற்றம் என்ற வரியைத் திருத்துங்கள். தொடக்கத்தில் வரம்பில்லாமலோ மிக உயர்ந்தோ இருக்கும்.

என்ன எண் போடுவது? இந்தியப் பட்டியலில் 70,000ஐ 31 நாளால் வகுத்தால் 2,258 வருகிறது. 2,250 என்று போட்டால் 31 நாள் மாதத்திலும் 69,750தான் ஆகும், பில் வராது. உலகப் பட்டியலில் 320 போட்டால் 9,920. சிறு கடைக்கு இவையே அதிகம். உண்மையான வருகையைப் பார்த்து, அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொண்டால் போதும். பில்லிங் கணக்கின் கீழ் இரண்டு புராஜெக்ட்கள் இருந்தால் இந்த எண்ணைப் பிரித்துப் போட வேண்டும், ஏனென்றால் இலவச அளவு கணக்குக்கு ஒன்றுதான்.

கோட்டா தீர்ந்த நாளில் வரைபடத்தின் இடத்தில் பிழைச் செய்தி வரும். மறுநாள்வரை அப்படித்தான். அந்த ‘மறுநாள்’ நம் நள்ளிரவு அல்ல, அமெரிக்க பசிபிக் நேரப்படி நள்ளிரவு. நமக்கு அது பகல் 12:30, அவர்களின் குளிர்காலத்தில் 1:30. வரைபடத்துக்குக் கீழே முகவரியும் ‘வழி காட்டு’ இணைப்பும் எழுத்தில் இருந்தால் வாடிக்கையாளர் அந்த இடைவெளியிலும் தடுமாற மாட்டார்.

பட்ஜெட் அலர்ட்டையும் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இலவச எல்லைக்குள் இருக்க நினைப்பவர் 100 ரூபாய்க்கே போடலாம். முதல் ரூபாய்கள் கழியும்போதே தெரிந்துவிடும்.

7. பழைய கீயிலிருந்து புதியதுக்கு மாறுதல்

வரிசை முக்கியம். முதலில் புதிய கீயைத் தளத்தில் போடுங்கள், பிறகு கேஷ் பிளகின் (பக்கங்களின் பழைய நகலைச் சேமித்துக் காட்டுவது) இருந்தால் அதைக் காலி செய்யுங்கள், வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள். பழைய கீயை அன்றே அழிக்க வேண்டாம். கன்சோலில் அதன் பயன்பாட்டு வரைகோடு சில நாள் பூஜ்யத்தில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால் எங்கோ ஒரு பக்கத்தில் அது ஒளிந்திருக்கிறது, அல்லது வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள். அழித்த பிறகு ஏதாவது நின்றுபோனால் 30 நாளுக்குள் மீட்கலாம்.

பழைய கீ மற்றவர் கணக்கில் இருந்து, அவர் தொடர்புக்கே வரவில்லையென்றால் கவலை வேண்டாம். அதைக் கேட்டு வாங்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் தளத்தில் கீயை மாற்றினாலே உறவு முறிந்தது. தளத்தின் நிர்வாகி கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது இல்லையென்றால் வரைபடத்தைவிடப் பெரிய வேலை காத்திருக்கிறது.

நிரல் பழையதாக இருந்தால் ஒரு குறிப்பு: பழைய பிளேசஸும், வழியும் தூரமும் சொல்லும் டைரக்ஷன்ஸ், டிஸ்டன்ஸ் மேட்ரிக்ஸ் சேவைகளும் 2025 மார்ச் முதல் ‘லெகசி’, அதாவது பழையவை என்ற பட்டியலில் இருக்கின்றன. புதிய புராஜெக்டில் பிளேசஸின் புதிய பதிப்பையும் ரூட்ஸ் ஏபிஐயையும் பயன்படுத்தும்படி நிரலைத் திருத்த வேண்டியிருக்கும். நிரலாளரிடம் விலை பேசும்போது இதையும் சேர்த்தே பேசுங்கள். கீ மாற்றுவது சில நிமிட வேலை, இது அப்படியல்ல.

8. கூகுளே வேண்டாம் என்றால்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவையும் லீஃப்லெட் என்ற இலவச நிரல் தொகுப்பையும் வைத்து வரைபடம் போடலாம். கீ வேண்டாம். ஆனால் இலவசம் என்றதும் பாய வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சர்வர் நன்கொடையில் ஓடுவது. அதிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை, எப்போதும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அவர்களின் பெயரைப் படத்தில் காட்டியே ஆக வேண்டும். அங்குள்ள நாமினேட்டிம் என்ற முகவரித் தேடலுக்கு நொடிக்கு ஒரு வினவல்தான் வரம்பு. சிறு கடைக்குப் பரவாயில்லை, பெரிய விற்பனைத் தளத்துக்கு ஒத்துவராது.

எல்லைக்கோடு பற்றியும் யோசியுங்கள். இந்திய சர்வே துறையின் படத்துக்கு மாறான எல்லைகளைக் காட்டும் வரைபடத்தை வெளியிடுவது இந்தியாவில் சட்டப்படி குற்றம். கூகுள் இந்தியப் பயனருக்கு இந்திய எல்லைகளைக் காட்டிவிடுகிறது. வெளிநாட்டுத் தரவில் அமைந்த படத்தை முழு இந்தியாவும் தெரியுமளவுக்குச் சுருக்க விட்டால் காஷ்மீர்ப் பகுதியில் சிக்கல் வரும். மாவட்ட அளவுக்கு மேல் சுருக்க முடியாதபடி பூட்டச் சொல்லுங்கள். நிரலில் ஒரு வரிதான்.

இந்திய நிறுவனங்களில் மேப்மைஇந்தியாவும், 2024இல் வந்த ஓலா மேப்ஸும் இருக்கின்றன. மாறுவதற்கு முன் இலவச அளவு என்ன, அது எவ்வளவு காலத்துக்கு, நாள் வரம்பு வைக்க முடியுமா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் நான் போக மாட்டேன். பிங் மேப்ஸை இன்னும் வைத்திருப்பவர்களுக்குத் தெரிவு ஏதும் இல்லை. அதன் இலவசக் கணக்குகள் 2025 ஜூன் 30உடன் மூடப்பட்டன.

எங்கே போனாலும், கூகுள் ஜியோகோடிங்கில் பெற்ற இருப்பிடங்களை வேறொருவர் வரைபடத்தின் மேல் காட்டக் கூகுளின் விதி அனுமதிக்காது. வாசலில் நின்று நீங்களே எடுத்த எண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

9. முதல் மாத பில்

புதிய மாதம் பிறந்து சில நாள் கழித்து பில்லிங் பகுதியில் ‘ரிப்போர்ட்ஸ்’ திறங்கள். எஸ்கேயூ (தனிக் கட்டணம் உள்ள ஒவ்வொரு சேவைக்குமான பெயர்) வாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் எந்தச் சேவை எத்தனை முறை ஓடியது என்பது தனித்தனியாகத் தெரியும். டைனமிக் மேப்ஸ் தவிர வேறு பெயர் ஒன்று அங்கே இருந்தால், அதை யார் அழைக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் மறந்துபோன பிளகின் ஒன்று பிடிபடும். பில்லைப் பிடிஎஃப் ஆக இறக்கி ஜிஎஸ்டி எண் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, தணிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

வலைத்தளம் செய்பவருக்கு இந்தக் கணக்கில் இடம் கொடுக்க வேண்டியிருக்கும். கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். கன்சோலில் அவருடைய மின்னஞ்சலைச் சேர்த்து, புராஜெக்டில் மட்டும் ‘எடிட்டர்’ உரிமை கொடுங்கள். பில்லிங் நிர்வாகி உரிமை கடை உரிமையாளரிடமும் இன்னொரு குடும்ப உறுப்பினரிடமும் இருக்கட்டும். எடிட்டரால் கோட்டாவையும் மாற்ற முடியும் என்பதால், அவர் வேலையை முடித்ததும் அந்த எண் நீங்கள் வைத்தபடியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அவர் உரிமையை நீக்கிவிடுங்கள்.